கல்லுக்குக் கீழே கேட்ட சத்தம்

லோகேஸ்வரி பயத்தோடு பிறந்தவள் என்று அவள் கணவர் பழனியப்பன் சொல்வார். கேஸ் அடுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவாள். பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறிவிட்டால், மறுகரை சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள். லிப்டில் ஆள் அதிகமாகத் தெரிந்தால் ஏழாவது மாடிக்கும் படியேறியே போவாள். டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அண்டை வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது சாவியை அவளிடம்தான் கொடுப்பார்கள். தன் வீட்டைவிட அவர்கள் வீட்டுக்கு அவள் அதிகம் பயப்படுவாள் என்ற நம்பிக்கை.

இந்தப் பயம் ஒரு காலத்தில் அவளுக்குச் சோறு போட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நகத்தைவிடச் சின்ன மின்னணுச் சில்லுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் நல்லது என்று தள்ளிவிட்டதை அவள் திரும்ப எடுத்துப் பார்ப்பாள். பத்தில் ஒன்றில் ஏதாவது இருக்கும். பிறகு அந்த வேலைப்பிரிவு அப்படியே வேறு நாட்டுக்குப் போயிற்று. நாற்பத்தாறு வயதில் கையில் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

அவள் தம்பி சிவநேசன் இண்டர்லாக் கல் பதிக்கிறவன். கார் நிறுத்துகிற இடம், கடைவாசல், பள்ளி முற்றம் என்று சிமெண்டுக் கற்களை ஒன்றோடொன்று கோத்துத் தரை போடுவான். “சும்மா வீட்ல இருந்தா இன்னும் பயந்து சாவே. மணல் கூட்டுறதுக்கு ஆள் வேணும், வாக்கா” என்று கூப்பிட்டான். இரண்டு மாதத்துக்கு என்று போனவள் மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அது அவளுக்கென்றே அமைந்த வேலை. எல்லாரும் கல்லைப் பார்ப்பார்கள். அவள் கல்லுக்குக் கீழே இருப்பதைப் பார்த்தாள். முதலில் மண்ணை ஓர் அடிக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டும். அடிமண்ணை இறுக்க வேண்டும். அதன்மேல் கிரஷர் ரன் என்கிற உடைகல்லும் தூளும் கலந்த ஜல்லியைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, தட்டுத் தட்டாக இறுக்க வேண்டும். ஒரு தட்டு நாலு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால் மேல்தோல்தான் இறுகும், வயிறு தொளதொளவென்று கிடக்கும். அப்புறம் ஓர் அங்குல மணல். இரண்டு இரும்புக் குழாய்களைத் தண்டவாளம்போலப் போட்டு, நீளமான அலுமினியச் சட்டத்தை அவற்றின்மேல் இழுத்து அந்த மணலைச் சமன் செய்யும் வேலை லோகேஸ்வரியுடையது. இழுத்த மணலை யாரும் மிதிக்க விடமாட்டாள். மழைத்தண்ணீர் வடிகாலைப் பார்த்து ஓட, நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு. அதையும் நூல் கட்டி அவள்தான் பார்ப்பாள்.

“நேசா, இந்த ஓரத்துல இன்னொரு தடவ இறுக்கச் சொல்லு.”

“ஆரம்பிச்சிட்டியாக்கா?”

அவன் சிரிப்பான். கூட வேலை செய்யும் தயாளனும் சிரிப்பான். ஆனாலும் இறுக்குவார்கள். அவர்கள் போட்ட தரை எங்கேயும் பள்ளம் விழுந்ததில்லை என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் பாதி யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷக் கடைசியில், டத்தோ கிராமாட் பக்கத்தில் ஒரு பழைய தனி பங்களாவில் தாடிக்கா என்கிற பாலர் பள்ளி நடத்தும் ஷாஹிரா டீச்சர் சிவநேசனைக் கூப்பிட்டார். முப்பத்து நாலு வயது. எதையும் நேராகப் பேசுகிறவர். பாலர் பள்ளியின் முன்முற்றம் மழைக்குச் சேறாகிறது, பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் உள்ளே வந்து திரும்பக் கஷ்டப்படுகிறது, விடுமுறை இரண்டு வாரத்துக்குள் கல் போட்டு முடித்துவிட வேண்டும் என்றார். திங்கள்கிழமை பள்ளி திறப்பு. தள்ளிப்போட முடியாது. அறுபது பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லியாகிவிட்டது.

நாலாம் நாள் அடிமண்ணை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தயாளன் கம்பெக்டரைத் தள்ளிக்கொண்டு போனான். அதிரும் இரும்புத் தட்டு மண்ணை அடித்துக்கொண்டே நகர்கிற இயந்திரம் அது. காது அடைத்துப் போகும். லோகேஸ்வரி ஓரமாக நின்று நூல் கட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தம் மாறியது.

திடுதிடு என்று போய்க்கொண்டிருந்தது, வாசலுக்கு இடதுபுறம் வந்ததும் ஒரு கணம் கூடை கவிழ்த்துத் தட்டுவதுபோலத் தொம்தொம் என்றது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. அவள் காலடியிலும் அது தெரிந்தது. பாதத்தின் நடுவில் ஏதோ இல்லாததுபோல ஒரு கூச்சம்.

“தம்பி, தயாளா, திரும்பி வா. அதே எடத்துல போ.”

அவன் திரும்பி வந்தான். மறுபடி தொம்தொம். இந்த முறை இன்னும் மெல்ல.

சிவநேசனைக் கூப்பிட்டாள். அவன் வந்து அந்த இடத்தில் பூட்ஸ் காலால் குதித்தான், ஒரு தரமல்ல, மூன்று தரம். “கல்லாட்டம் இருக்குலா. பழைய பைப் ஏதாச்சும் செத்துப்போய்க் கெடக்கும். இந்த மாதிரி பங்களாவுல இல்லாமலா இருக்கும்?”

“கொஞ்சம் வெட்டிப் பாத்துடலாமே நேசா.”

“வெட்டுனா ஒரு நாள் போச்சு. மழை வேற வருது. திங்கக்கெழம அறுபது புள்ளைங்க வந்து நிக்கும். நீ வந்து சமாதானம் சொல்றியா?”

தயாளன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் ஒன்றும் விஷமில்லை. வழக்கமான சிரிப்பு. ஆனால் அவள் வாய் மூடிக்கொண்டது. நாற்பத்தொன்பது வருஷமாகக் காரணமில்லாமல் பயந்தவளுக்கு, காரணத்தோடு பயந்தபோது சொல்ல வார்த்தை வரவில்லை. ஜல்லி கொட்டினார்கள், இறுக்கினார்கள், மணல் இழுத்தாள். மீன் முள்ளைப்போலக் குறுக்கும் நெடுக்குமாக மூன்றங்குலக் கனக் கற்களை அடுக்கினார்கள். சுற்றிலும் கல் நகராமலிருக்கக் கான்கிரீட் வரம்பு கட்டினார்கள். மேலே ஒருமுறை அதிர வைத்து, காய்ந்த மணலைக் கூட்டி இடுக்குகளை நிரப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றம் பளிச்சென்று கிடந்தது. ஷாஹிரா டீச்சர் கைப்பேசியில் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினார்.

திங்கள்கிழமை காலையில் லோகேஸ்வரிக்கு வேறு இடத்தில் வேலை. ஏழு மணிக்கே கிளம்பி, சுற்றுவழியாக அந்தப் பாலர் பள்ளிக்கு எதிரே இருந்த ரொட்டி சானாய் கடையில் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் வேன்காரர் ஷேக் அலாவுதீனின் மஞ்சள் வேன் வந்தது. முன்சக்கரம் வாசலைத் தாண்டி இடதுபக்கம் வளைந்தது. அவள் தே தாரே டீ கிளாஸை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேன் திரும்பி நின்றது. பதினோரு பிள்ளைகள் இறங்கினார்கள். எண்ணினாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒன்றும் நடக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. காரணம் அவளுக்குத் தெரியும். இண்டர்லாக் கற்களின் பலமே அதுதான். பக்கத்துக் கல் நம்மைத் தாங்கும், நாம் பக்கத்துக் கல்லைத் தாங்குவோம். சுற்றிலும் வரம்பு இறுக்கிப் பிடித்திருந்தால், நடுவில் கீழே மண் போய்விட்டாலும் கற்கள் தோளோடு தோள் சேர்ந்து கொஞ்ச காலம் நிற்கும். சிமெண்டுத் தரையென்றால் விரிசல் விட்டுச் சொல்லிவிடும். இது சொல்லாது. விழுகிற நாள்வரைக்கும் அழகாகவே இருக்கும்.

ஒரு மத்தியானம், செக்கியூரிட்டி வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள்.

“அந்த எடத்துல கீழ என்னமோ இருக்குங்க. இல்ல, என்னமோ இல்ல.”

“இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லு.”

“அதான், ஒண்ணும் இல்லன்னு தோணுது.”

பழனியப்பன் ரசத்தைக் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். நல்ல மனுஷர். “லோகா, போன மாசம் லிப்டு கம்பி அறுந்துடும்னே. அதுக்கு முன்னாடி எனக்கு நெஞ்சுல ஏதோன்னே. டாக்டர் என்ன சொன்னாரு? சிவநேசனுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

சிவநேசனுக்கும் போன் செய்தாள். “கல்லு எறங்கிருக்கா? எறங்கலல்ல? எறங்குனா கூப்புடு” என்றான்.

இரண்டு தடவை பள்ளி வாசல்வரைக்கும் போனாள். முதல் தடவை ஷாஹிரா டீச்சர் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டாள். இரண்டாம் தடவை டீச்சரே பார்த்துவிட்டார். “என்னக்கா, இந்தப் பக்கம்? முற்றம் சூப்பரா இருக்கு, எல்லாரும் கேக்குறாங்க” என்றார். டீச்சரின் மகள் ஐனா, ஐந்து வயது, இடதுபுறக் கற்களின்மேல் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கல் மட்டும், சாம்பல் கல்லை மிதிக்கக் கூடாது என்று ஏதோ ஆட்டம். “சும்மாதான் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று முழுக்க மணல் கோணலாக இழுபட்டது. தயாளன்கூடக் கேட்டான், உடம்பு சரியில்லையா என்று.

மூன்றாவது வாரத்தில் மழை பிடித்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஜார்ஜ் டவுன் முழுக்க வடிகால்கள் ததும்பின. வியாழக்கிழமை விடிந்தபோது தூறல் மட்டும் இருந்தது. ஏழு மணிக்கு முன்பே லோகேஸ்வரி வாசல் கேட்டுக்கு வந்துவிட்டாள். கேட் திறந்திருந்தது. உள்ளே சமையல்கார அம்மா மட்டும்.

முற்றம் முழுவதும் ஈரம் மின்னியது. மெல்லிய தகடாகத் தண்ணீர், அவள் கட்டிய சரிவில் ஒழுங்காக வடிகாலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இடதுபுறம் வந்ததும் நின்றுவிட்டது. நிற்கவில்லை. காணாமல் போனது. அந்த இடத்தைத் தாண்டி வடிகால்வரைக்கும் கல் ஈரமாக மட்டும் இருந்தது, ஓட்டம் இல்லை.

குனிந்து பார்த்தாள். கற்கள் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ஆனால் இடுக்குகளில் மணல் இல்லை. மற்ற இடமெல்லாம் நிறைந்திருக்க, அங்கே மட்டும் லாரி டயர் அகலத்துக்கு வட்டமாக, இடுக்குகள் கறுப்பாக வாய் பிளந்திருந்தன. வட்டத்துக்கு வெளியே மண்டியிட்டு, கையை ஊன்றி, காதைத் தாழ்த்தினாள். முதலில் தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் கீழே, மிகக் கீழே, ஒரு சொட்டு. நிறுத்தம். இன்னொரு சொட்டு. கிணற்றில் வாளி தொங்கும்போது கேட்கிற சத்தம்.

எழுந்திருக்க முயன்றாள். பின்னால் ஹாரன் அடித்தது.

வேன் கேட்டுக்குள் மூக்கை நுழைத்துவிட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஷேக் அலாவுதீனின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அதற்குப் பின்னால் சின்னச் சின்னத் தலைகள். லோகேஸ்வரி எழவில்லை. அப்படியே தவழ்ந்து வேனுக்கு நேரே போய், நனைந்த கல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள்.

“என்னா தங்கச்சி இது? எந்திரி, எந்திரி. புள்ளைங்களுக்கு லேட்டாவுது!”

“நானா, வராதீங்க.”

“வழுக்கி விழுந்துட்டியா?”

“கீழ ஒண்ணும் இல்ல நானா! கல்லுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல! பின்னால எடுங்க!”

அறுபது வயது ஷேக் அலாவுதீன் இருபது வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கல் பளபளவென்று கண்ணெதிரே இருந்தது. ஆனால் அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கியரைப் பின்னுக்குப் போட்டார். வேன் சாலைக்குப் போய் நின்றது.

அப்போதுதான் வந்து இறங்கிய ஷாஹிரா டீச்சர் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்தார். பிள்ளைகளைப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கதவுக்கு அனுப்பிவிட்டு, முற்றத்தையும் லோகேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா, கல்லு நல்லாத்தானே இருக்கு. ஏன் இப்படிப் பண்றீங்க? பேரண்ட்ஸ் எல்லாம் பாக்குறாங்க.”

“தம்பிய வரச் சொல்லுங்க டீச்சர். யாரும் அங்க நடக்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

சிவநேசன் ஜெலுத்தோங்கிலிருந்து இருபது நிமிஷத்தில் வந்தான், முகம் கறுத்துப் போய். தயாளனும் வந்தான். கேட்டுக்கு வெளியே குடைகளோடு ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள். “மானத்த வாங்கிட்டேக்கா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, இரண்டு தட்டையான திருப்புளிகளை எடுத்துக்கொண்டு அவன் அந்த வட்டத்தின் ஓரத்தில் குந்தினான்.

“படுத்துக்க. காலை வெளிய வச்சிக்க” என்றாள் லோகேஸ்வரி.

“ஐயோ, சரிக்கா!”

ஆனாலும் படுத்தான். அது அவனைக் காப்பாற்றியது.

கோத்த கற்களில் முதல் கல்லை எடுப்பதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் திருப்புளியை விட்டு, மாற்றி மாற்றி நெம்பி, அரை அரை அங்குலமாக மேலே கொண்டுவந்தான். கல் கைக்கு வந்தது. அடியில் மணல் ஒரு பப்படம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பப்படத்துக்குக் கீழே இருட்டு. சிவநேசன் கைப்பேசி விளக்கை அடித்துக் கண்ணை அந்த ஓட்டையில் வைத்தான். பிறகு வயிற்றால் ஊர்ந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் பின்னால் வந்தான்.

“கெணறு” என்றான். குரல் அவனுடையதாக இல்லை.

அவன் கை எடுத்த இடத்தில் பக்கத்துக் கல் ஒன்று சரிந்தது. தோள் கொடுக்க ஆள் இல்லாமல் போனதும் அடுத்தது. பிறகு மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு கற்கள், கூட்டமாகத் தலையாட்டுவதுபோல ஒரே நேரத்தில் உள்ளே போயின. ஒரு நிசப்தம். எண்ணினால் இரண்டு எண்ணலாம். அப்புறம்தான் தண்ணீரில் விழுகிற சத்தம் மேலே வந்தது.

கேட்டுக்கு வெளியே ஒரு தாய் வீறிட்டு அழுதாள். ஷேக் அலாவுதீன் நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பங்களா கட்டிய காலத்துக் கிணறு. செங்கல் சுவர். யாரோ எப்போதோ பலகைகளைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். மக்கிப்போன பலகைகள் கம்பெக்டரின் அதிர்வில் விட்டுக்கொடுத்திருக்கின்றன. மழைக்கு மண்ணும் ஜல்லியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கின்றன. வேனின் முன்சக்கரம் தினமும் வளைந்து திரும்பிய இடம் அதற்கு நேர் மேலே.

ஷாஹிரா டீச்சர் அழவில்லை. பெற்றோரை உள்ளே அனுப்பி உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். தூறலில் நனைந்தபடி லோகேஸ்வரியின் எதிரே நின்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?”

“இடுக்குல மணல் இல்ல டீச்சர். தண்ணி உள்ள போச்சு.”

“அத கேக்கல. ஏழு மணிக்கு முந்தி இங்க என்ன பாக்க வந்தீங்க? அன்னைக்கும் வந்தீங்க. எப்போலேர்ந்து தெரியும்?”

லோகேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணால் சொன்னான். இன்று காலைதான் என்று சொல்லிவிடு. சொல்லியிருந்தால் அவள் அறுபது பிள்ளைகளைக் காப்பாற்றியவள். வெளியே நின்றவர்கள் காலில் விழுந்திருப்பார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரம் கிணற்றைவிட அந்தக் கேள்விதான் அவளை அதிகம் நடுக்கியது.

“கம்பெக்டர் ஓடுன அன்னைக்கே” என்றாள். “சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. சொன்னேன். அப்புறம் பேசாம இருந்துட்டேன்.”

“பள்ளி தொறந்தே மூணு வாரம்.”

“ஆமா டீச்சர்.”

“ஐனா தெனமும் இங்கதான் வெளையாடுவா. நீங்க பாத்தீங்க. பாத்துட்டு, சும்மாதான்னு சொல்லிட்டுப் போனீங்க.”

லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிவநேசன் ஈரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “நாந்தானேக்கா வெட்ட வேணாம்னேன்” என்றான். “நீ ஏன் ஒம்மேல போட்டுக்குற?” இருவருக்கும் போதுமான அளவு பழி அதில் இருந்தது.

பள்ளியை எட்டு நாள் மூடினார்கள். நகராண்மைக் கழகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், ஓர் எஞ்சினியர் வந்தார். ஷாஹிரா டீச்சர் வேறு ஆளைக் கூப்பிடுவார் என்றுதான் சிவநேசன் நினைத்தான். இரண்டாம் நாள் போன் வந்தது. அவர்களே சரிசெய்ய வேண்டும், ஆனால் ஒரு நிபந்தனை. “அந்த அக்கா நிக்கணும். மொதல் கல்லுலேர்ந்து கடைசி மணல் வரைக்கும். அவங்க சரின்னு சொல்லாம அடுத்த தட்டு போடக் கூடாது.”

அப்படியே நடந்தது. தண்ணீரை இறைத்தார்கள். எஞ்சினியர் சொன்னபடி அடியில் பெரிய பாறைக்கல், மேலே சின்னக் கல், அதற்கும் மேலே ஜல்லி. ஒவ்வொரு தட்டுக்கும் தயாளன் கம்பெக்டரை ஓட்டினான், லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவன் இப்போது சிரிக்கவில்லை. ஒரு நாளில் நாலு தரம் “இன்னொரு தடவ” என்றாள். நாலு தரமும் ஓட்டினான். கிணற்று வாயில் கம்பி கட்டிக் கான்கிரீட் மூடி போட்டு, அது இறுக நாள் விட்டு, பிறகு மணல், கல். அந்த எட்டு நாளும் அவளுக்கு நல்ல தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் வேன் உள்ளே வந்தது. அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. ரொட்டிக் கடையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பள்ளி மறுபடி திறக்கும் காலையில் ஷாஹிரா டீச்சர் வாசலில் நின்றார். “நீங்க மொதல்ல நடங்க” என்றார்.

லோகேஸ்வரிக்குத் தெரியும், கீழே பாறையும் கான்கிரீட்டும் இருக்கின்றன என்று. ஒவ்வொரு அங்குலமும் அவள் கேட்டது. ஆனாலும் காலால் தொட்டுப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்தாள், நின்றாள், திரும்பி நடந்தாள். பிறகு டீச்சர் நடந்தார். அதன் பிறகுதான் வேனுக்குக் கையசைத்தார். ஷேக் அலாவுதீன் பிஸ்மில்லாஹ் சொன்னது வெளியே கேட்டது.

வேன் போன பிறகு டீச்சர் பக்கத்தில் வந்தார். “எனக்குக் கோவம் போகலக்கா. போகுமான்னு தெரியல” என்றார். “ஆனா அன்னைக்கு நீங்க பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் கெப்பாலா பத்தாஸில் ஒரு சமூக மண்டபத்து வாசலுக்குக் கல் போடப் போனார்கள். இரண்டாம் நாளே லோகேஸ்வரி கையைத் தூக்கினாள். “நிறுத்து. இங்க வெட்டிப் பாக்கணும்.” வெயிலில் அரை நாள் வெட்டினார்கள். நாலடி ஆழம். செம்மண், இன்னும் செம்மண், பாறைபோல இறுகிய செம்மண். வேறொன்றும் இல்லை. மண்டபத்துக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூடு” என்றான் சிவநேசன் தயாளனிடம். அன்று மத்தியானம் லோகேஸ்வரி சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வெட்கம் காதுவரைக்கும் எரிந்தது. பழனியப்பனுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் வழக்கம்போலச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். “நாலடிதானே, பரவால்ல. சாப்பிட்டியா?” என்றார்.

மறுநாள் காலையில் மண்டபத்தின் மறு ஓரத்தை இறுக்கினார்கள். அலுமினியச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்த லோகேஸ்வரியின் கை நின்றது. சத்தமா, மனசா என்று அவளுக்கே தெரியவில்லை. தயாளனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், நேற்று வெட்டி மூடிய குழியைப் பார்த்தாள். இன்றும் ஒன்றும் இல்லையென்றால் அந்த லாரிக்குப் பின்னாலும் உட்கார முகம் இருக்காது.

பயந்துகொண்டேதான் கையைத் தூக்கினாள். தயாளன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியை எடுக்கப் போனான்.